எடை போட்டு விற்கும் ஜாஸ்

பழைய ஜாஸ் ஆல்பத்தின் மறுவெளியீடாக வரும் எல்பி இசைத்தட்டு எதைக் கையில் எடுத்தாலும், மேலே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் முதலில் கண்ணில் படுவது எடைதான். 180 கிராம். நகைக்கடையில் நிற்கிற மாதிரி இருக்கிறது. தட்டு கனமாக இருந்தால் கையில் எடுக்க நன்றாக இருக்கும், சுலபத்தில் வளையாது. அதோடு சரி. உள்ளே இருக்கும் ஒலி எங்கிருந்து வந்தது என்று அந்த 180 கிராம் ஒரு வார்த்தை சொல்லாது.

எனக்குத் தெரியவேண்டியது வேறு. எந்த டேப்பிலிருந்து எடுத்தீர்கள்? ஸ்டூடியோவில் அன்று ஓடிய டேப்பா, அதன் பிரதியா, பிரதிக்குப் பிரதியா? யார் செய்தது, எந்த வருடம்? நடுவில் கணினி வந்ததா? அட்டையின் பின்பக்கம் நாலு வரியில் இவ்வளவையும் அடக்கிவிடலாம். இதை எழுதாத மறுவெளியீட்டுக்கு நாலாயிரம், ஐயாயிரம் கொடுக்க வேண்டியதில்லை என்பது என் கட்சி. "காது இருந்தால் போதாதா, எழுத்து எதற்கு?" என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். போதாது. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

எல்லோருக்கும் தெரிந்த ஆல்பத்திலிருந்தே தொடங்கலாம். ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'. 1959 மார்ச் 2 அன்றும் ஏப்ரல் 22 அன்றும் நியூயார்க் 30ஆம் தெருவில், முன்பு தேவாலயமாக இருந்த, கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்தின் ஸ்டூடியோவில் பதிவானது. மார்ச் 2 அன்று ஓடிய முதன்மை டேப் மெஷின் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாக ஓடும்போது பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் பாட்டு கொஞ்சம் விரையும், சுருதி கொஞ்சம் ஏறும். ஏறியது அரை ஸ்வரத்துக்கும் குறைவுதான். ஆனால் முதல் பக்கத்தில் இருக்கும் மூன்று பாடல்களும் அன்று பதிந்தவை. தட்டைத் திருப்பிப் போட்டால் சுருதி வேறு. பியானோவை வைத்துக்கொண்டு கூட வாசித்துப் பார்த்தவர்களுக்கு முதல் பக்கம் சேரவே சேராது.

நல்ல வேளையாக அன்று பக்கத்திலேயே இன்னொரு மெஷினும் பாதுகாப்புக்காக ஓடிக்கொண்டிருந்தது. அது ஓடியது சரியான வேகத்தில். அந்த டேப்பை எடுத்துச் சரிசெய்து வெளியிட்டது 1992-ல். அதாவது 33 வருடம் உலகமே அந்த ஆல்பத்தின் பாதியைச் சுருதி ஏறித்தான் கேட்டது. காதுள்ளவர்கள்தான், பெரிய பெரிய ரசிகர்கள்தான். பெரும்பாலானவர்களுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். முதல் பாட்டு 'ஸோ வாட்' தொடக்கத்தில் பால் சேம்பர்ஸின் பாஸ் ஒரு கேள்வி கேட்கும், மற்றவர்கள் இரண்டே ஸ்வரத்தில் பதில் சொல்வார்கள். அது முடிந்து மைல்ஸின் சோலோ (தனி வாசிப்பு) தொடங்கும் இடத்தில் ட்ரம்ஸ் வாசிக்கும் ஜிம்மி காப் சிம்பலை ஓங்கி ஒரு அடி அடிப்பார். சரிசெய்த பதிப்பில் அந்த அடி அடங்க இன்னும் கொஞ்சம் நேரம் எடுப்பதாக எனக்குப் படுகிறது, அதற்குள் ட்ரம்பெட் நிதானமாக உள்ளே வந்துவிடுகிறது. பழைய பதிப்பிலேயே ஊறியவர்கள் சிலர் புதியதைக் கேட்டுவிட்டு 'தூங்கி வழிகிறது' என்பார்கள். அவர்களோடு சண்டை போட மாட்டேன். அவர்கள் காதலித்தது அந்த வேகத்தைத்தான். ஆனால் இன்று முதல்முறையாக வாங்கும் ஒருவருக்கு எந்த வேகம் கிடைக்கப்போகிறது என்பதை அட்டை சொல்ல வேண்டுமா இல்லையா?

இதைவிடப் பெரிய கதை, பெரிய வாத்தியக் குழு ஒன்றை நடத்திய ட்யூக் எல்லிங்டனுடையது. ஜாஸ் மறுவெளியீடு என்ற தொழிலுக்கே ஒரு நியாயம் உண்டென்றால் அது இந்த ஒரு ஆல்பம்தான் என்பேன்.

1956 ஜூலை 7 இரவு, ரோட் ஐலண்டில் நியூபோர்ட் ஜாஸ் விழா. பெரிய வாத்தியக் குழுக்களின் காலம் முடிந்துவிட்டது என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த நேரம். எல்லிங்டன் குழு மேடையேறியபோது நடுநிசி நெருங்கிவிட்டது, கூட்டம் கலையத் தொடங்கியிருந்தது. 1937-ல் எழுதிய 'டிமினுயெண்டோ அண்ட் க்ரெஷெண்டோ இன் ப்ளூ' என்ற உருப்படியை எடுத்தார். அதன் இரண்டு பாதிகளுக்கு நடுவே டெனர் சாக்ஸ் வாசிக்கும் பால் கொன்சால்வெஸுக்கு இடம் விட்டார். வேண்டும் மட்டும் வாசி என்று விட்டதுதான். மனிதர் அந்த மெட்டின் மேல் 27 சுற்று வாசித்தார். கூட்டத்தில் ஒரு பெண் எழுந்து ஆட, அவரைப் பார்த்து மற்றவர்களும் ஆட, கலையவிருந்த கூட்டம் கொந்தளித்துவிட்டது. அடுத்த மாதமே எல்லிங்டன் படம் 'டைம்' பத்திரிகை அட்டையில். தான் பிறந்ததே நியூபோர்ட்டில்தான் என்று பிற்காலத்தில் சொல்லிக்கொள்வார். (1963-ல் மெட்ராஸுக்கும் வந்து வாசித்துவிட்டுப் போனவர்தான்.)

இவ்வளவு நடந்த இரவைக் கொலம்பியா பதிவு செய்ததே, அதைக் கேட்டால் கொன்சால்வெஸ் எங்கோ பக்கத்துத் தெருவில் நின்று வாசிப்பது போல் இருக்கும். காரணம், உணர்ச்சிவேகத்தில் அவர் வாசித்தது தப்பான மைக்கில். மேடையில் இரண்டு அமைப்புகளின் மைக்குகள் இருந்தன: கொலம்பியாவுடையது, வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலியுடையது. 27 சுற்றும் முழுசாகப் போய்ச் சேர்ந்தது வானொலி மைக்குக்கு. இது போதாதென்று, விழாவுக்காக எழுதிய புதிய தொகுப்பு சரியாக அமையவில்லை என்று எல்லிங்டன் நினைத்ததால், இரண்டு நாள் கழித்து ஸ்டூடியோவில் மறுபடி வாசித்துப் பதிந்தார்கள். அதன்மேல் கைதட்டலைத் தனியாக ஒட்டி, நேரடிப் பதிவு மாதிரி எல்பி போட்டார்கள். எல்லிங்டனின் ஆல்பங்களிலேயே அதிகம் விற்றது அது. நாற்பது வருடம் மக்கள் அந்தக் கைதட்டலோடு சேர்ந்து புல்லரித்தார்கள்.

1996-ல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் வானொலியின் டேப் கிடைத்தது. ஃபில் ஷாப் என்ற தயாரிப்பாளர் ஒரு வேலை செய்தார். கொலம்பியாவின் மோனோ (எல்லாம் ஒரே தடத்தில் பதிந்த) டேப்பையும் வானொலியின் மோனோ டேப்பையும் அடி பிசகாமல் பொருத்தி, ஒன்றை இடப்பக்கமும் மற்றொன்றை வலப்பக்கமும் வைத்தார். யாரும் ஸ்டீரியோவில் பதிவு செய்யாத ஒரு இரவு ஸ்டீரியோவில் கேட்டது! 1999-ல் இரட்டை சிடியாக வந்தது. இரண்டு மெஷின்கள் தனித்தனியே ஓடியவை, வேகம் துளித்துளியாக மாறிக்கொண்டே போகும். கணினி இல்லாமல் அதைச் சேர்த்துவைப்பது நடக்கிற காரியமில்லை. டிஜிட்டல் என்றாலே முகம் சுளிக்கும் நண்பர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். கொன்சால்வெஸ் மைக்குக்கு முன்னால் வந்தது டிஜிட்டல் புண்ணியத்தில்.

"என்ன இருந்தாலும் முதல் அச்சுக்கு ஈடாகுமா சார்?" என்ற கேள்வி இங்கே வந்தே தீரும். ப்ளூ நோட் நிறுவனத்தின் பழைய எல்பிகளில், பாட்டு முடிந்து லேபிள் தொடங்கும் வெறும் இடத்தில் 'ஆர்விஜி' என்று முத்திரை இருக்கும். ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டரின் பெயர்ச்சுருக்கம். கூடவே காது மாதிரி ஒரு சின்னக் குறி, அது பிளாஸ்டிலைட் ஆலையில் அச்சான தட்டு என்பதற்கு அடையாளம். இந்த இரண்டையும் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு லட்சங்களில் விலை பேசுகிறவர்கள் உண்டு. சேகரிப்பவர்களின் ஆசையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒலி என்று வந்தால் விஷயம் அவ்வளவு நேரானதில்லை.

வான் கெல்டர் பகலில் கண் பரிசோதகர். நியூ ஜெர்சியில் ஹேக்கன்சாக் என்ற ஊரில் பெற்றோர் வீட்டு வரவேற்பறையில் பதிவு செய்யத் தொடங்கி, 1959-ல் எங்கிள்வுட் க்ளிஃப்ஸில் சொந்த ஸ்டூடியோ கட்டினார். டேப்பில் உள்ள ஒலியைத் தட்டில் கோடுகளாக வெட்டும்போது, அந்தக் கால வீட்டு ப்ளேயர்களில் ஊசி குதித்துவிடாதபடி அடிநாதத்தைக் குறைத்து வெட்டினார். எனவே முதல் அச்சில் இருப்பது டேப்பில் இருப்பதன் முழு உருவம் அல்ல. பாஸ் வாத்தியம் டேப்பில் இன்னும் தாராளமாக இருக்கிறது. இன்னொரு பக்கம், 1950களின் கடைசி வரை அவர் ஒரே ஒலிபெருக்கியில், மோனோவில் கேட்டுத்தான் சமன் செய்தார். அதனால் அந்த வருடங்களின் ஸ்டீரியோவை ஹெட்போனில் கேட்டால் சாக்ஸும் ட்ரம்பெட்டும் ஒரு காதில், ட்ரம்ஸ் மறுகாதில், பாவம் நடுவில் பாதி இடம் காலி. அந்தக் காலத்து ஆல்பங்களுக்கு மோனோவே மேல் என்பது என் அபிப்பிராயம்.

வேடிக்கை என்னவென்றால், எல்பி ஒழிந்ததில் தனக்கு மகிழ்ச்சி, ஒலியைக் கெடுப்பதே அதுதான் என்று 1990களில் ஒரு பேட்டியில் சொன்னவர் இதே வான் கெல்டர். தன் பதிவுகளைத் தானே சிடிக்காக ரீமாஸ்டர் செய்தார் (பழைய டேப்பின் ஒலியை மறுபடி சீர்செய்தார்), 'ஆர்விஜி எடிஷன்' என்று வரிசையாக வந்தன. பதிவு செய்தவரே செய்தால் அப்பீல் உண்டா? ரசிகர்கள் போட்டார்கள். சத்தம் கூடிவிட்டது, ஸ்டீரியோ குறுகிவிட்டது என்று குறைபட்டார்கள். எனக்கும் அந்த சிடிகளில் பியானோ சில இடங்களில் உறுத்தும். ஆனால் ஒன்று, யார் செய்தது என்று அட்டையிலேயே கொட்டை எழுத்தில் இருந்தது. பிடிக்காவிட்டால் யாரைத் திட்டுவது என்று தெரிந்தது. 2019-ல் ப்ளூ நோட் தொடங்கிய 'டோன் பொயட்' தட்டு வரிசையையும் இதற்காகவே மதிக்கிறேன்: மூல அனலாக் (டிஜிட்டல் ஆக்காத) டேப்பிலிருந்து கெவின் க்ரே வெட்டியது என்று பெயர் போட்டு வருகிறது. விலைதான் கையைக் கடிக்கிறது. அந்தத் தடித்த மடிப்பு அட்டையையும் பளபளப்புப் படங்களையும் குறைத்தால் ஐந்நூறு ரூபாயாவது குறையும் என்பது என் அற்பக் கணக்கு.

காது மட்டும் போதாது என்பதற்கு 2022-ல் நடந்ததைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். கலிஃபோர்னியாவின் மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனம், மாஸ்டர் டேப்பிலிருந்து எடுக்கும் உயர்தரத் தட்டுகளுக்குப் பேர்போனது. அவர்களுடைய சில தட்டுகள் அப்போது 125 டாலர். முழுக்க அனலாக் என்று நம்பித்தான் பலர் வாங்கினார்கள். அரிசோனாவில் இசைத்தட்டுக் கடை நடத்தும் ஒருவர் அது அப்படியில்லை என்று காணொளி போட்டார். பிறகு அந்த நிறுவனத்தின் பொறியாளர்களே கேமரா முன் ஒப்புக்கொண்டார்கள்: 2011 முதலே பல தட்டுகளில் நடுவில் டிஜிட்டல் கோப்பு இருந்திருக்கிறது. வழக்கு வந்து, 2.5 கோடி டாலர் அளவில் சமரசமானது. இத்தனை வருடம் 'டிஜிட்டல் தொட்டால் எனக்கு உடனே தெரிந்துவிடும்' என்று சொன்ன காதுகளெல்லாம் அதே தட்டுகளைத்தான் சொர்க்கம் என்று புகழ்ந்திருந்தன. தட்டுகள் நன்றாகவே ஒலிக்கின்றன, இப்போதும். டிஜிட்டலாக்கியதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. சொல்லாமல் விற்றதற்குத்தான் அந்தப் பணம் போனது, சரியாகவே போனது.

ஏதோ ஒரு டேப்தான் எல்லாவற்றுக்கும் மூலம் என்ற எண்ணமே பல ஆல்பங்களுக்குப் பொருந்தாது. ஜான் கோல்ட்ரேனின் 'எ லவ் சுப்ரீம்' 1964 டிசம்பர் 9 அன்று ஒரே நாளில் பதிவானது. அதன் மூல ஸ்டீரியோ டேப் தொலைந்துபோய், 2002 பதிப்பு 1965-ல் இங்கிலாந்தின் இஎம்ஐ நிறுவனத்துக்காக எடுத்த பிரதியிலிருந்து வந்தது. சார்லஸ் மிங்கஸின் 'மிங்கஸ் ஆ உம்' 1959-ல் வந்தபோது பல பாடல்களில் சோலோக்களை வெட்டிச் சுருக்கியிருந்தார்கள், முழு வடிவம் பிற்பாடுதான் கிடைத்தது. எனக்கு முழுசுதான் பிடிக்கும். சுருக்கியதே கச்சிதம் என்பவரும் உண்டு. இரண்டும் கடையில் இருக்கட்டும், எது எது என்று எழுதியிருந்தால் போதும்.

எதுவும் எழுதாமல் வருகிறவை ஐரோப்பாவில் அச்சாகும் மலிவுத் தட்டுகள். அங்கே ஒலிப்பதிவு உரிமை 50 வருடமாக இருந்தது. 2013-ல் 70 ஆக்கினாலும், 1962 வரை வெளியானவை ஏற்கெனவே பொதுச்சொத்தாகிவிட்டதால் திரும்பவில்லை. ஜாஸின் பொற்காலம் மொத்தமும் அதற்குள் அடக்கம். யார் வேண்டுமானாலும் ஒரு சிடியை வாங்கி எல்பியாக அடித்து விற்கலாம், சட்டப்படி குற்றமில்லை. நம்மூர் ஆன்லைன் கடைகளில் ரெண்டாயிரம் ரூபாய்க்குக் கிடைப்பதில் பாதிக்குமேல் இந்த ரகம் என்று என் ஊகம். நான் வாங்கிய ஒன்றில் அட்டைப்படம் ஜோராக இருந்தது, 180 கிராமும் இருந்தது, டேப்பைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. ஊசியை வைத்தால் சிம்பல் எல்லாம் தகரம். அந்தக் காசுக்கு அதே ஆல்பத்தின் சிடி வாங்கியிருந்தால் மூலத்துக்கு ஒரு படி நெருக்கமாக இருந்திருக்கும்.

புதிதாகக் கேட்க நினைப்பவர்கள் தட்டு, டர்ன்டேபிள் என்று செலவு செய்துகொண்டு நிற்க வேண்டாம். ஸ்ட்ரீமிங்கிலேயே தொடங்குங்கள். ஒரே ஆல்பம் நாலைந்து பதிப்பாக இருக்கும், ஒவ்வொன்றிலும் ஒரு வருடம் போட்டிருக்கும், எந்த டேப் என்று இருக்காது. அதை இணையத்தில் தேடினால் பெரும்பாலும் கிடைத்துவிடும். மாற்று டேக்குகளை (அதே பாட்டை வேறொரு முறை வாசித்த பதிவுகளை) ஆல்பத்தின் நடுவே சொருகியிருக்கும் பதிப்புகளைத் தவிருங்கள், ஒரே பாட்டை அடுத்தடுத்து இரண்டு முறை கேட்கவைப்பார்கள், கடுப்பாகும். எல்லிங்டனின் நியூபோர்ட்டில் மட்டும் 'கம்ப்ளீட்' என்று தலைப்பில் இருக்கிறதா என்று பார்த்து, ஹெட்போனில் கேளுங்கள். நடுவே வரும் அறிவிப்புகளைத் தாண்டிப் போகாதீர்கள். இந்த முறை கைதட்டல் நிஜம்.