குற்றாலம் வேண்டாம், பள்ளிக்கூடமே போதும்

எங்கள் செட்டு வாட்ஸாப் குழுவில் ஒரு வாரமாக ஒரே சண்டை. 1996இல் பிளஸ் டூ முடித்தவர்கள் நாங்கள். கோவில்பட்டிப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி. முப்பது வருஷம் ஆகிறது, எல்லோரும் ஒருநாள் கூடுவோம் என்று பேசியது வரைக்கும் ஒற்றுமையாகத்தான் இருந்தோம். எங்கே கூடுவது என்று ஒருத்தர் கேட்டதும் குழு இரண்டாகிவிட்டது. குற்றாலத்தில் ரிசார்ட், சனிக்கிழமை மதியம் போய் ஞாயிறு மதியம் திரும்புவது, தலைக்கு 3,500 ரூபாய், எல்லோருக்கும் ஒரே நிறத்தில் டி-ஷர்ட் என்பது ஒரு கட்சி. பள்ளிக்கூடத்திலேயே ஞாயிற்றுக்கிழமை பகலில் வைப்போம் என்பது இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சி. குழுவில் நாலு வரி டைப் பண்ணுவதற்குள் யாராவது குட்மார்னிங் ரோஜாப்பூவைப் போட்டு மேலே தள்ளிவிடுகிறார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன். உங்கள் செட்டிலும் இந்தப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தால் படித்துப் பாருங்கள்.

ரிசார்ட் என்று முடிவெடுத்த அன்றைக்கே யார் யார் வரமாட்டார்கள் என்பதும் முடிவாகிவிடுகிறது. குழுவில் இதை ஒருத்தரும் பேசுவதில்லை. நீச்சல் குளம் இருக்கிறதா, ஏசி ரூம் எத்தனை என்பதுதான் பேச்சு.

முதலில் பெண்கள் கதை. வகுப்பில் நாங்கள் கிட்டத்தட்டப் பாதிப் பேர் இருந்தோம். குழுவில் கால்வாசிகூட இல்லை. ஆண்களைக் கண்டுபிடிப்பது சுலபம். பள்ளியில் இருந்த அதே இனிஷியல், பெரும்பாலும் அதே ஊர், ஊரில் இல்லாவிட்டாலும் டீக்கடையில் விசாரித்தால் நம்பர் கிடைத்துவிடும். எங்களுக்கு இனிஷியல் மாறிவிடுகிறது, ஊர் மாறிவிடுகிறது, முகநூலில் தேடினால் படத்தில் பிள்ளையோ பேரனோ திருச்செந்தூர் முருகனோ இருக்கிறார். பழைய பெயரை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. எந்த ஊரில் கட்டிக்கொடுத்தார்கள், வீட்டுக்காரர் என்ன வேலை என்று அம்மாமார்களிடம் விசாரித்து விசாரித்துத்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.

அப்படிக் கஷ்டப்பட்டுப் பிடித்த நம்பர்களை ஆரம்பத்தில் ஆண்களே உற்சாகமாகக் கூப்பிட்டுப் பேசினார்கள். “கூடப் படிச்சவன் பேசுறேன்” என்றால் எதிர்முனையில் வீட்டுக்காரர். எந்த ஸ்கூல், எந்த வருஷம், இத்தனை வருஷம் கழிச்சு என்ன விஷயம் என்று ஒரு விசாரணை. போன் செய்தவருக்கு அதோடு முடிந்தது. அந்த வீட்டில் அப்புறம் என்ன நடந்திருக்கும் என்று யோசிக்க ஆண்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. பெண்கள் நம்பரை எங்களிடம் கொடுங்கள், நாங்கள் பேசிக்கொள்கிறோம் என்று வாங்கிக்கொண்டோம். அதிலிருந்துதான் ஒவ்வொருத்தியாக வர ஆரம்பித்தாள்.

எங்கள் காலம் அப்படி. ஒரு பையனிடம் பிசிக்ஸ் ரெக்கார்டு நோட்டு வாங்க வேண்டும் என்றால்கூட நடுவில் ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்றைத் தூது அனுப்புவோம். நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசியதில்லை. அதே பையன்கள் இப்போது தங்களுக்குள் “ஏலே” போட்டுவிட்டு, எங்களிடம் வந்ததும் நீயா நீங்களா என்று தெரியாமல் முழிக்கிறார்கள். ஒருத்தர் இரண்டு மாதமாக “சாப்பிட்டாச்சா, பிள்ளைகள் படிப்பு முடிஞ்சாச்சா” என்றே ஓட்டிக்கொண்டிருக்கிறார். சிரித்துக்கொண்டேதான் பதில் போடுகிறோம். இந்த நிலையில் இருக்கிறவர்களை ஒரே ராத்திரியில் ரிசார்ட்டில் தங்கச் சொன்னால் எத்தனை பெண்கள் வீட்டில் வாயைத் திறந்து கேட்க முடியும்? “கணவரையும் கூட்டிட்டு வரலாமே” என்று பெருந்தன்மையாக ஒரு பதில் வந்தது. அவரைக் கூட்டிக்கொண்டு போய் உட்காரவைத்தால் அன்று முழுக்க அவரைத்தான் கவனிக்க வேண்டியிருக்கும். அதை வீட்டிலேயே செய்யலாம்.

அடுத்தது, பத்தாவதோடு நின்றவர்கள். இந்தக் குழு பிளஸ் டூ லிஸ்ட்டை வைத்து ஆரம்பித்தது. ஆனால் எங்கள் ஊரில் பாதி வகுப்பு பத்தாவது முடிந்ததும் கரைந்துபோகும். அப்போதெல்லாம் விடியற்காலையில் தீப்பெட்டி ஆபீஸ் பஸ் தெருமுனைக்கு வந்து ஹாரன் அடிக்கும். நேற்று வரைக்கும் பக்கத்து பெஞ்சில் இருந்தவள் தூக்குவாளியோடு அதில் ஏறிப் போவாள். ஆபீஸ் என்றால் வெளியூர்க்காரர்கள் கம்ப்யூட்டரும் நாற்காலியும் நினைப்பார்கள். எங்கள் பக்கம் ஆபீஸ் என்றால் தொழிற்சாலை, தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ்தான். நாங்கள் பிளஸ் டூ எழுதிய அதே வருஷம் டிசம்பரில்தான் சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. ஆபத்தான வேலையில் வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றார்கள். அது 14 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு. பத்தாவது முடித்த எங்கள் பிள்ளைகளுக்கு 15, 16 ஆகியிருந்தது. சட்டத்துக்கு அவர்கள் பெரியவர்கள்.

போன மாதம் ஒருத்தர் 1993-94 பத்தாம் வகுப்பு குரூப் போட்டோவைக் குழுவில் போட்டார். சுவரில் மாட்டியிருந்ததை அப்படியே போனில் எடுத்தது, நடுவில் டியூப்லைட் வெளிச்சம் அடித்து இரண்டு வாத்தியார் முகமே காணோம். பின்வரிசையில் பையன்கள், நடுவில் நாற்காலி போட்டு ஹெச்.எம்.மும் சார்களும் டீச்சர்களும், கீழே தரையில் பாவாடை தாவணியில் நாங்கள். ஒரு மணி நேரத்தில் எல்லோரையும் அடையாளம் சொல்லிவிட்டார்கள். ஓரத்தில் ஒரு பெண் மட்டும் மிச்சம். இரட்டைச் சடை, ரிப்பன், கேமராவைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்க்கிறாள். கணக்கில் கெட்டி என்று எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. அவள் நோட்டைப் பார்த்து எழுதியவர்கள் குழுவிலேயே நாலு பேர் இருக்கிறார்கள், அதில் நானும் ஒருத்தி. பெயர் மட்டும் ஒருவருக்கும் வரவில்லை.

அன்று ராத்திரி எங்கள் கிளாஸ் லீடர் ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டார். இப்போது லாரி பட்டறை வைத்திருக்கிறார், குழுவில் அதிகம் பேசமாட்டார். வருகைப் பதிவேட்டை முதலிலிருந்து சொல்கிறேன் என்று ஆரம்பித்தார். வாத்தியார் வருவதற்குள் அவர்தான் அட்டெண்டன்ஸ் எடுத்து வைப்பார். ஆண்கள் வரிசை முடிந்தது, பெண்கள் வரிசை ஆரம்பித்தது, யோசிக்கவே இல்லை, பெருக்கல் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல அதே வேகம், அதே ராகம். நடுவில் அந்தப் பெயரும் வந்து விழுந்தது. அவருக்கே அது தெரியவில்லை, தன் பாட்டுக்கு அடுத்த பெயருக்குப் போய்விட்டார். கீழே வரிசையாக “உள்ளேன் ஐயா” என்று மெசேஜ் வந்துகொண்டே இருந்தது, துபாயிலிருந்து, சிங்கப்பூரிலிருந்து, ஓசூரிலிருந்து. அவள் பெயருக்கு நேரே பதில் இல்லை.

பெயர் கிடைத்தபிறகு ஆளைக் கண்டுபிடிக்க இரண்டு நாள்கூட ஆகவில்லை. எங்கள் அம்மா வீட்டுக்கு மூன்று தெரு தள்ளித்தான் இருக்கிறாள். நானே போன் பண்ணினேன். பேச்சு ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் அவள் கேட்ட முதல் கேள்வி, “எவ்வளவு கட்டணும்?” இரண்டாவது, “ராத்திரி தங்கணுமாமே?” யாரோ அதற்குள் சொல்லியிருக்கிறார்கள். பகலில் ஊரிலேயே என்றால்? “ஞாயித்துக்கிழமைதானே, வந்துட்டு நாலு மணிக்குப் போயிருவேன்.” அவ்வளவுதான். எனக்கு வேறு வாதமே தேவையில்லை.

பணத்துக்கும் இதேதான். தினமும் ராத்திரி பணம் கட்டியவர்கள் பட்டியல் பச்சை டிக்கோடு வருகிறது. டிக் இல்லாத பெயர்களும் அதே பட்டியலில்தான் இருக்கின்றன. அப்படி இருந்த ஒருத்தர் சத்தமில்லாமல் குழுவிலிருந்து வெளியேறிவிட்டார். அவர் பிளஸ் டூவில் தவறி, அக்டோபரில் மறுபடி எழுதியவர். அந்தக் காலத்தில் ரிசல்ட் மாலைப் பேப்பரில் நம்பராக வரும், பஸ் ஸ்டாண்டில் ஒரு பேப்பரை இருபது பேர் சுற்றி நின்று பார்ப்பார்கள். நம்பர் இல்லை என்பதை அந்த இருபது பேர் முன்னால்தான் தெரிந்துகொள்ள வேண்டும். முப்பது வருஷம் கழித்து மறுபடியும் ஒரு பட்டியலில் அவரை நிறுத்துவானேன்? இரண்டு பேர் பொறுப்பில் ஒரு கணக்கு, முடிந்ததைப் போடுங்கள், யார் எவ்வளவு என்று அந்த இருவருக்கு மட்டும் தெரிந்தால் போதும். சாப்பாட்டுச் செலவை மொத்தமாக ஏற்கிறேன் என்று வெளிநாட்டிலிருந்து ஏற்கனவே ஒருத்தர் சொல்லியாகிவிட்டது. டி-ஷர்ட்டை விட்டுவிட்டால் செலவு பாதியாகும். அந்த டி-ஷர்ட்டைச் சந்திப்பு முடிந்தபிறகு யார் போடப்போகிறார்கள், வண்டி துடைக்கத்தான்.

சார்களையும் டீச்சர்களையும் நினைத்துப் பாருங்கள். அன்று நாற்பதில் இருந்தவருக்கு இன்று எழுபது. பொன்னாடை போர்த்துவதற்காக அவரைக் குற்றாலம் வரைக்கும் காரில் குலுக்கிக்கொண்டு போக வேண்டுமா? பள்ளிக்கூடம் என்றால் ஆட்டோவில் வந்து இறங்கிவிடுவார், களைத்தால் வீட்டுக்குப் போய்விடுவார்.

ரிசார்ட் கட்சியின் வாதங்களையும் சொல்லிவிடுகிறேன். ஒருநாளாவது வீட்டுத் தொல்லை இல்லாமல் இருக்க வேண்டும் என்கிறார்கள். நியாயம்தான். அரசுப் பள்ளியில் அனுமதி கிடைக்காது என்றார்கள். தலைமையாசிரியரைப் போய்ப் பார்த்தோம், தேதி போட்டு ஒரு கடிதம் கொடுங்கள், மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்றார், முகம் சுளிக்கவில்லை. உண்மையான காரணம் வேறு. பள்ளிக்கூடத்தில் பாட்டில் திறக்க முடியாது. அதை யாரும் குழுவில் டைப் பண்ணமாட்டார்கள். அதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை, சாரல் சீசன் பார்த்துத் தனியாக ஒரு நடை போய் வரட்டும், கூட வருகிறவர்கள் வரட்டும். செட்டுச் சந்திப்பு என்ற பெயரை மட்டும் அதற்கு வைக்க வேண்டாம்.

இன்னொன்று. மிச்சப் பணத்தில் பள்ளி வாசலில் “1996 செட்டு அன்பளிப்பு” என்று வளைவு கட்டலாம் என்று ஒரு யோசனை ஓடுகிறது. நான் படித்தபோது காலையில் தண்ணீர் குடிக்காமல் பள்ளிக்கு வருவோம், குடித்தால் போக இடம் இருக்காது. குழுவில் உள்ள பெண்கள் ஒவ்வொருத்திக்கும் இது தெரியும், ஆண்களுக்கு நாங்கள் சொன்னபிறகுதான் தெரிந்தது. இப்போது கழிப்பறை கட்டியிருக்கிறார்கள், பார்த்தேன், ஆனால் பிள்ளைகள் எண்ணிக்கைக்குக் காணாது, சுத்தம் செய்ய ஆளும் போதாது. அதற்குக் கொடுப்போம். முன்னாள் மாணவர்கள் பணம் கொடுக்க 2022இல் அரசே ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ என்று ஒரு திட்டம் தொடங்கியிருக்கிறது, அதன் வழியாகக் கொடுத்தால் கணக்கும் ஒழுங்காக இருக்கும். வளைவில் பெயர் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் ஃபிளெக்ஸ் அடித்துக்கொள்ளலாம்.

நாளை ராத்திரி குழுவில் ஓட்டெடுப்பு. இப்போதைய கணக்கில் நாங்கள் தோற்கிறோம், ஆண்கள் ஓட்டு அதிகம். கிளாஸ் லீடர் எங்கள் பக்கம், அது ஒரு தெம்பு. எங்கள் செட்டுக்காரர் யாராவது இதைப் படித்தால், குழுவில் இல்லாவிட்டாலும், இன்பாக்ஸுக்கு வாருங்கள். பத்தாவதோடு நின்றவர்கள், ஒன்பதாவதிலேயே நின்றவர்கள், அக்டோபரில் எழுதியவர்கள், எழுதாமலே விட்டவர்கள் எல்லோரும்தான். பெண்களுக்கு நான்தான் போன் பண்ணுவேன், ஆண் குரல் வராது. ஓட்டில் தோற்றாலும் அந்த ஞாயிறு பகலில் நாங்கள் கொஞ்சம் பேர் பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் இருப்போம், சாப்பாடு உண்டு.