உள்ளே நுழைகிறவர்தான் பார்த்து வரவேண்டும்

பெங்களூரில் எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்திலிருந்து சில்க் போர்டு பக்கம் இறங்கும் வண்டிகளும் கீழே ஒசூர் ரோட்டில் வரும் வண்டிகளும் சேரும் இடத்தில் அடிக்கடி உரசல். உடனே இரண்டு பேரும் நடுரோட்டில் இறங்கிக் கத்துகிறார்கள். "என் வண்டி மூக்குதான் முன்னாடி இருந்துச்சு!"

மூக்கை நுழைத்துவிட்டால் உரிமை வந்துவிடுமா? தடத்தில் ஏற்கெனவே போய்க்கொண்டிருப்பவருக்குத்தான் முதல் வழி. பக்கத்திலிருந்து வருகிறவர் இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடியைப் பார்த்து, இடம் இருந்தால் மட்டும் வரவேண்டும். இண்டிகேட்டர் போட்ட அடுத்த நொடியே ஸ்டியரிங்கைத் திருப்புகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சரி, நேராக வருகிறவர் மேல் தப்பே இருக்காதா? இருக்கும். ஒருவர் உள்ளே வருவது தெரிந்தும் வேண்டுமென்றே ஆக்ஸிலரேட்டரை மிதிப்பதும் அநியாயம்தான். இருவரும் கவனக்குறைவாக இருந்தால் விபத்து தீர்ப்பாயம் பொறுப்பைச் சதவீதமாகப் பிரித்துவிடும்.

ரோட்டில் எங்கே அந்த நியாயம்? யார் குரல் பெரிது என்பதுதான் கணக்கு. நம்பர் பிளேட்டில் டி.என். என்று இருந்தால் எதிராளியின் குரல் இன்னும் ஏறுகிறது. தப்பே செய்யாதவர் கடைசியில் தன் இன்சூரன்ஸில் க்ளெய்ம் போட்டு, க்ளெய்ம் போடாத வருடங்களுக்காக 50% வரை சேர்ந்திருந்த பிரீமியம் தள்ளுபடியை, அதாவது நோ க்ளெய்ம் போனஸை, இழக்கிறார்.

யாருக்கும் அடிபடவில்லை என்றால் நாலு போட்டோ எடுத்துக்கொண்டு ஓரம் கட்டுங்களேன். பின்னால் ஆம்புலன்ஸ் நிற்கிறது.