தூணுக்குப் பின்னால் ஒரு குடும்பம்

போன ஞாயிறு ஏற்காடு போகும் வழியில் ஒரு குடும்பத்தின் மேல் காரை ஏற்றியிருப்பேன். ஏற்றவில்லை. ஒரு கை நீளம் மிச்சம் இருந்தது. ஒரு வாரமாக அதுவே மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. எழுதிவிட்டால் கொஞ்சம் இறங்கும் என்று எழுதுகிறேன். நீளமாகத்தான் வரும்.

காலை எட்டு மணி இருக்கும். சேலத்தில் கோரிமேடு தாண்டி, அடிவாரம் தாண்டி ஏறிக்கொண்டிருக்கிறோம். மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவுகள். பெண்டு என்று சொன்னால்தான் எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புரியும். பாதி மலைக்கு மேல், வலப்பக்கம் திரும்பும் ஒரு பெண்டு. இரண்டாவது கியர், இருபது கிலோமீட்டர் வேகம்கூட இருக்காது. பாட்டு ஓடவில்லை, போன் கையில் இல்லை, தூக்கக் கலக்கமும் இல்லை. நல்ல வெளிச்சம். எதிரே யாரும் இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் திருப்பினேன். திருப்பி முடிப்பதற்குள் என் பானெட்டுக்கு முன்னால் ஒரு பைக் நின்றது. ஓட்டுபவர், பின்னால் மனைவி, நடுவில் மஞ்சள் ஸ்வெட்டர் போட்ட குழந்தை.

அவர் கத்தியிருந்தால் பரவாயில்லை. "அண்ணா, பாத்து வாங்கண்ணா" என்று மட்டும் சொல்லிவிட்டு, காலை ஊன்றி ஊன்றி பைக்கை நகர்த்திக்கொண்டு இறங்கிப் போனார்.

"ஏங்க, அவ்ளோ நேரமா வர்றாங்க, நீங்க பாக்கலையா?" என்றாள் மனைவி. இடப்பக்க சீட்டிலிருந்து அவளுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. நான் பிரேக் போடுவேன் என்று நினைத்துச் சும்மா இருந்திருக்கிறாள். எனக்கு அந்த பைக் தெரியவே இல்லை. அது வானத்திலிருந்து குதித்த மாதிரிதான் இருந்தது.

"எங்கிருந்து வந்தான்னே தெரியல சார்" என்று விபத்து நடந்த இடத்தில் கார்க்காரர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். பொய் சொல்கிறான் என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். அன்றைக்கு நானே அதைச் சொல்ல வேண்டிய இடத்துக்கு வந்து நின்றேன். ஆள் பொய் சொல்லவில்லை, ஆனால் தப்பு அவன் மேல்தான் என்பது இப்போது என் கட்சி.

சங்ககிரியில் சித்தப்பா ஒருவர் இருக்கிறார். முப்பது வருடம் லாரி ஓட்டியவர், தொப்பூர் கணவாயில் எத்தனை தடவை ஏறி இறங்கினார் என்ற கணக்கு அவருக்கே தெரியாது. அன்று ராத்திரி போன் பண்ணி விஷயத்தைச் சொன்னேன். முழுசாகக் கேட்கக்கூட இல்லை.

"வலது பெண்டா?"

"ஆமா சித்தப்பா."

"முன்கண்ணாடி ஓரத்துல ஒரு தூண் இருக்குது பாரு கண்ணு, அதுக்குப் பின்னால இருந்திருப்பான். நீ தலைய ஆட்டாம ஓட்டற. கார் வாங்குனவன் எல்லாம் போட்டோவுக்கு உக்காந்த மாதிரி உக்காந்து ஓட்டறான்."

முன்கண்ணாடிக்கும் டிரைவர் கதவுக்கும் நடுவே கூரையைத் தாங்கி நிற்கிற சாய்வான கம்பத்தைத்தான் சொல்கிறார். மெக்கானிக்குகள் ஏ பில்லர் என்பார்கள். பழைய அம்பாசிடர், பிரீமியர் பத்மினி காலத்தில் அது விரல் மொத்தத்தில் இருந்தது. இன்றைய கார்களில் கை மொத்தம். வண்டி உருண்டால் கூரை நசுங்கக் கூடாது, மோதினால் கேபின் மடங்கக் கூடாது என்பதற்காகக் கெட்டியாக்கினார்கள். சில வண்டிகளில் பக்கவாட்டு ஏர்பேக்கின் முனையும் அதற்குள்தான் சுருண்டு கிடக்கிறது. எல்லாம் நம் உயிரைக் காப்பாற்றத்தான். ஆனால் கண்ணிலிருந்து முக்கால் மீட்டர்கூட இல்லாத தூரத்தில் கை மொத்தத் தூணை நட்டு வைத்தால், அந்தப் பக்கம் எவ்வளவு மறையும் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

மறுநாள் சாயங்காலம் வீதியில் சோதித்துப் பார்த்தேன். காரை நிறுத்தி, டிரைவர் சீட்டில் வழக்கம்போல் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, மகளை சைக்கிளோடு வலப்பக்க மூலைப் பக்கமாகத் தள்ளித் தள்ளிப் போகச் சொன்னேன். பத்தடியில் பாதி தெரிந்தாள். இன்னும் தள்ளிப் போகப் போகச் சுருங்கி, ஒரு இடத்தில் சைக்கிளோடு காணாமல் போனாள். இரண்டு கண்ணும் திறந்துதான் இருக்கிறது, ஆளைக் காணோம். "அப்பா, தெரியுதா?" என்று குரல் மட்டும் வருகிறது. எதிர் வீட்டு அம்மா வாசலில் நின்று வேடிக்கை பார்த்துவிட்டு, "என்னங்க சார், கார விக்கப் போறீங்களா?" என்றார்.

முன்பக்கப் பார்வைக்கென்று ஐ.நா. வாகன விதிகளில் ஒன்று இருக்கிறது, எண் 125. இரண்டு கண்ணாலும் பார்த்தும் ஒரு தூண் மறைக்கிற கோணம் 6 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்கிறது. கேட்க சின்ன எண்தான். கணக்குப் போட்டால் 20 மீட்டர் தூரத்தில் அது இரண்டு மீட்டருக்கு மேல் அகலம். எதிரே வருகிற பைக்கின் அகலம் முக்கால் மீட்டர்தான். அதாவது விதிக்கு உட்பட்டு ஒழுங்காகச் செய்த தூணே ஒரு பைக்கை, அதில் இருக்கிற மூன்று பேரோடு, பக்கத்தில் இன்னொரு பைக்கையும் சேர்த்து ஒளித்துவைக்கும். சைடு மிர்ரரும் அந்த மூலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிற வண்டி என்றால் இன்னும் மோசம்.

சரி, பைக் நகர்ந்துகொண்டுதானே இருக்கிறது, ஏதாவது ஒரு நொடியில் தூணைத் தாண்டி வெளியே தெரிய வேண்டாமா? இந்தக் கேள்விக்கு விடை கிடைத்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. கடலில் கப்பல் ஓட்டுபவர்களுக்கு ஒரு பழைய பாடம் உண்டு. எதிர்க் கப்பல் நம் பார்வையில் ஒரே திசையில் அசையாமல் நின்று, தூரம் மட்டும் குறைந்துகொண்டே வந்தால், அது நம்மேல் மோதத்தான் வருகிறது. சாலைக்கும் அதே கணக்கு. குறுக்கே வருகிற வண்டி நம்மை மோதாமல் தாண்டிவிடும் என்றால் கண்ணாடியில் அது இடம் மாறும், தூணிலிருந்து வெளியே வந்துவிடும். மோதப் போகிற வண்டிதான் இடம் மாறாது. தூணுக்குப் பின்னால் இருந்தால் தூணுக்குப் பின்னாலேயே இருக்கும், மோதுகிற வரைக்கும்.

மலைப் பெண்டில் இதற்கு இன்னொரு முறுக்கு. நான் வலப்பக்கம் திரும்பத் திரும்பத் தூணும் என்கூடவே திரும்புகிறது. இறங்கி வருகிறவனும் அதே வேகத்தில் என் வலப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு வருகிறான். நான் அவனுக்குக் குடை பிடித்துக்கொண்டு போகிற மாதிரிதான். 2017 ஏப்ரலிலிருந்து வருகிற புது இருசக்கர வண்டிகளில் பகலிலும் முன்விளக்கு தானாக எரிகிறது, எல்லோர் கண்ணிலும் படட்டும் என்று கொண்டுவந்த ஏற்பாடு. அந்த பைக்கிலும் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. என் தூணுக்குப் பின்னால் எரிந்தது.

முழுப் பழியையும் தூண் மேல் போட முடியாது. அவர் அவருடைய பக்கத்தில்தான், உள்வளைவை ஒட்டி வந்தார். நான்தான் பெண்டைக் கொஞ்சம் வெட்டிவிட்டேன். அகலமாகச் சுற்றிப் போக வேண்டியவன், யாருமில்லை என்ற தைரியத்தில் உள்ளே ஏறிவிட்டேன். குறுகலான மலைச் சாலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை, இறங்குகிறவர் ஒதுங்கி நிற்க வேண்டும் என்பது விதி. அதைப் பிடித்துக்கொண்டு வாதாடலாம். எதிராளியின் பக்கத்தில் போய் நின்றுகொண்டு முன்னுரிமை பேசுவது நியாயமா?

இதில் எனக்குக் கோபம் எங்கே என்றால், எனக்கு யாரும் இதைச் சொல்லித்தரவில்லை. டிரைவிங் ஸ்கூலில் கிளட்ச் சொல்லித்தந்தார்கள், ரிவர்ஸ் சொல்லித்தந்தார்கள். "மிர்ரர் பாரு" என்றார்கள். "தலையை நகர்த்து" என்று ஒருவரும் சொல்லவில்லை. கார் வாங்கப் போன இடத்தில் சன்ரூஃப் திறந்து மூடிக் காட்டினார்கள். 2023 அக்டோபரிலிருந்து நம் நாட்டிலேயே பாரத் என்கேப் என்று மோதல் சோதனை நடக்கிறது, நட்சத்திரம் தருகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் மோதிய பிறகு உள்ளே இருப்பவர் என்ன ஆவார் என்பதுதான் அங்கே முக்கியக் கணக்கு. மோதாமல் இருக்க இந்த சீட்டிலிருந்து எனக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பதற்கு ஒரு நட்சத்திரமும் இல்லை. அதை வாங்குகிறவர்தான் உட்கார்ந்து பார்த்துக்கொள்ள வேண்டும். உட்கார்ந்து பார்க்கிறோமா? கலர் பார்க்கிறோம்.

என் உயரத்துக்கு மறைகிற இடம் வேறு, என் மனைவி உயரத்துக்கு மறைகிற இடம் வேறு. ஒரே காரை மாற்றி மாற்றி ஓட்டுகிறோம், சீட்டை முன்னுக்குத் தள்ளுவதோடு சரி. உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோல் ஒன்று சீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதையே மூன்று வருடம் கழித்துத்தான் தொட்டோம்.

நாமே சேர்க்கிற மறைப்புகள் தனி. டாஷ்போர்டில் பிள்ளையார், நடுக் கண்ணாடியில் தொங்கும் வேல், அதற்குப் பக்கத்தில் போன் ஸ்டாண்டு. வேல் என் அம்மா கட்டியது, எட்டு வருடமாகக் கண்ணுக்கு நேரே ஆடிக்கொண்டிருந்தது. இந்த வாரம் அவிழ்த்து கியருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. முருகனுக்குப் பரவாயில்லை என்றுதான் நினைக்கிறேன், அவருக்கு மலைப்பாதை தெரியாததா. கறுப்பு ஃபிலிம் ஒட்டுகிறவர்களைப் பற்றிப் பேசினால் சண்டைதான் வரும். முன் பின் கண்ணாடியில் 70 சதவீதம், பக்கக் கண்ணாடியில் 50 சதவீதம் வெளிச்சம் உள்ளே வர வேண்டும் என்பது விதி, உச்ச நீதிமன்றம் 2012-லேயே கறுப்பு ஃபிலிமைக் கண்டித்துத் தீர்ப்புச் சொன்னது. சேலம் வெயிலுக்கு ஆசைதான், புரிகிறது. பொழுது சாய்ந்த பிறகு அதே கண்ணாடி வழியாகத்தான் சாலை ஓரத்தில் நடக்கிற ஆளையும் பார்த்தாக வேண்டும்.

மலையில் பனிமூட்டம் வேறு. சேலத்து வெக்கையில் ஏசியைக் கடைசி வரைக்கும் திருகி வைத்துக்கொண்டு ஏறுவோம். மேலே ஈரக்காற்று. ஏசி காற்று முன்கண்ணாடியில் அடித்துக்கொண்டிருந்தால் கண்ணாடி சில்லிட்டு, வெளிப்பக்கமே ஆவி பிடிக்கும். உள்ளே துணியால் துடைத்துத் துடைத்துப் பார்ப்போம், போகாது. வைப்பரை ஒரு தடவை போட்டு, காற்றைக் கண்ணாடியிலிருந்து திருப்பினால் போய்விடும். உட்பக்கம் படிந்த ஆவிக்கு வைத்தியம் நேர் எதிர்: ஏசியோடு கொஞ்சம் சூடும் சேர்த்துக் கண்ணாடிக்கே விட வேண்டும். எந்தப் பக்கம் படிந்திருக்கிறது என்று விரலால் தொட்டுப் பார்த்தாலே தெரியும். பிரைட் போட்டால் பனி வெள்ளைச் சுவராகத் திரும்பி அடிக்கும், டிம்தான் சரி. நாலு இண்டிகேட்டரையும் மின்னவிட்டுக்கொண்டு ஓட்டுகிறவர்களைக் கைகூப்பிக் கேட்கிறேன்: நீங்கள் நிற்கிறீர்களா, வருகிறீர்களா, திரும்புகிறீர்களா என்று பின்னால் வருகிறவனுக்கு எப்படித் தெரியும்?

ஏற்காடு வராதவர்கள் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். சேலத்தில் ஐந்து ரோடு பக்கம் ஈரடுக்கு மேம்பாலத்துக்குக் கீழே வலப்பக்கம் திரும்பிப் பாருங்கள். அங்கே பாலத்தின் தூண், இங்கே காரின் தூண், இரண்டும் ஒன்றுக்குப் பின்னால் ஒன்று வந்து நிற்கும் நொடியில் ஒரு ஸ்கூட்டியைத் தாராளமாக ஒளித்துவைக்கலாம்.

சித்தப்பா சொன்ன வைத்தியத்துக்குச் செலவு கிடையாது. திரும்புவதற்கு முன்னால் உடம்பை ஸ்டியரிங் பக்கம் ஒரு சாண் சாய்த்து ஒரு பார்வை, பின்னுக்கு வந்து ஒரு பார்வை. லாரி டிரைவர்கள் ஸ்டியரிங் மேல் படுத்துக்கொண்டு எட்டிப் பார்ப்பதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்திருந்தேன். வேலையே அதுதான். சீட் பெல்ட் இடிக்கும் என்று சாக்குச் சொல்ல வேண்டாம், மெதுவாகச் சாய்ந்தால் பெல்ட் கூடவே வரும், வெடுக்கென்று இழுத்தால்தான் பிடிக்கும். அப்புறம் கண்ணை ஒரே வீச்சில் இடமிருந்து வலமாக ஓடவிட்டால் போதாது. கண் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குத் தாவுகிற அந்த நேரத்தில் மூளை எதையும் பதிவு செய்வதில்லை. நின்று நின்று பார்க்க வேண்டும். "பாத்தேன், யாரும் இல்ல" என்று நாம் சத்தியம் செய்கிற இடங்களில் பாதி இந்தத் தாவலில் விழுந்தவையாக இருக்கும் என்பது என் சந்தேகம்.

பெண்டின் உள்பக்கத்தில் உண்ணிச்செடி ஆளுயரத்துக்கு வளர்ந்து எதிர் வண்டியை மறைக்கிறது, மழைக்கு முன்னும் பின்னும் வெட்டிவிட்டால் நன்றாக இருக்கும் என்பதையும் சொல்லிவைக்கிறேன். சம்பந்தப்பட்டவர்கள் யாராவது இதைப் படித்தால் சரி.

நேற்று மறுபடி ஏறினோம், வேறொரு வேலையாக. ஒவ்வொரு பெண்டிலும் முன்னுக்குச் சாய்ந்து, பின்னுக்கு வந்து, ஹாரன் அடித்து, அகலமாகச் சுற்றினேன். பின் சீட்டில் மகளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அம்மா, அப்பா கோழி மாதிரி ஓட்டறாரு." மனைவியும் சேர்ந்துகொண்டாள். முதல் எட்டுப் பத்துப் பெண்டுகளில் தூணுக்குப் பின்னால் ஒருவரும் இல்லை. அதற்கப்புறம் வந்த ஒரு வலது பெண்டில் சாய்ந்து பார்த்தபோது மரம் ஏற்றிய லாரி ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. நின்றேன். லாரிக்காரர் ஸ்டியரிங் மேல் கவிழ்ந்து என்னை எட்டிப் பார்த்துக்கொண்டே கடந்து போனார். மகள் சிரிப்பதை நிறுத்திவிட்டு, "அந்த மாமாவும் கோழி" என்றாள்.