ஸ்பின்னர் சுத்தாம உம்முனு உக்காந்திருக்கு

இலங்கை மலையகத்து ஹட்டன்ல ஜூன் மாசம் துணி காயுறதுன்னா என்னான்னு இங்க இருக்கவங்களுக்குத்தான் தெரியும், மூணு நாளா வெயிலே இல்ல, இந்த நேரம் பாத்துத்தான் நம்ம பழைய ரெட்டைத்தொட்டி வாஷிங் மெசினும் மக்கர் பண்ணுது. துவைக்கிற பக்கம் நல்லா ஓடுது, துணிய சுத்திப் பிழியுற ஸ்பின்னர் மட்டும் உம்ம்ம்னு சத்தம் போடுது, சுத்த மாட்டேங்குது. ரிப்பேர் பாஸ் வந்து எட்டிப் பாத்தாரு, கழட்டக்கூட இல்ல, "கெப்பாசிட்டர் (மோட்டர சுத்தத் தொடங்க வைக்கிற பாகம்) போயிருச்சு, புதுசா ஒரு மெசினே வாங்குங்களேன்"னாரு. சல்லி என்ன தேயிலைச் செடியிலயா முளைக்குது?

சரி நாமளே பாப்போம்னு அதே மைக்ரோஃபரட் அளவுல கெப்பாசிட்டர் வாங்கிட்டு வந்து, பிளக்க கழட்டி, பழசுல மிச்சமிருந்த கரண்ட இறக்கிட்டு (அத செய்யாம கைய வச்சிறாதீங்க, தூக்கி அடிக்கும்) மாத்தினா, அப்பவும் அதே உம்ம்ம்!

கடைசியில பின்மூடிய கழட்டினா பிரேக் கம்பி துருப்புடிச்சு நீண்டு கெடக்கு. ஸ்பின்னரோட மேல்மூடிய மூடுறப்போ அந்தக் கம்பி இழுத்தாத்தான் பிரேக் விடும், இது தொளதொளன்னு இருந்தா எப்பிடி விடும், மோட்டர் பாவம் பிரேக்கோட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்திருக்கு. கொக்கிய ஒரு ஓட்டை தள்ளி மாட்டினேன், அஞ்சு நிமிச வேலை. கெப்பாசிட்டருக்குக் குடுத்த காசு தண்டம்.

ஸ்பின்னர் சரியாயிருச்சு, ஆனா இப்ப கரண்ட் இல்ல. பிள்ளையோட வெள்ளை யூனிபோம் திரும்பவும் அடுப்புக்கு மேல கொடியில, நாளைக்கும் புகை வாசத்தோடதான் ஸ்கூலுக்குப் போகப்போறான்.