எங்கள் தெரு மேன்ஹோலும் அத்தையின் கொத்தமல்லியும்

மூன்று வருஷம் முன்பு ஒரு மழைக்கு, பெங்களூரு ஈஜிபுராவில் எங்கள் தெருமுனை மேன்ஹோல் பொங்கி, கறுப்புத் தண்ணீர் வாசல்படி வரை வந்துவிட்டது. மூன்றாம் நாள்தான் ஆட்கள் வந்தார்கள். அடைப்பை எடுப்பார்கள் என்று பார்த்தால், மேன்ஹோலின் பக்கச் சுவரை உடைத்து 6 இன்ச் பிவிசி குழாய் ஒன்றைச் செருகி, பக்கத்து மழைநீர்க் கால்வாய்க்குத் திருப்பிவிட்டுப் போனார்கள். அரை மணி நேர வேலை. நாற்றம் நின்றது. நான்தான் டீ வாங்கிக் கொடுத்தேன். குழாய் இன்றும் அங்கேயே இருக்கிறது.

மெஜஸ்டிக் பக்கம் தொடங்கும் ராஜகாலுவேயில், அதாவது பெரிய மழைநீர்க் கால்வாயில் சேர்ந்து பெல்லந்தூர் ஏரிக்குப் போகிறது அந்தத் தண்ணீர். அங்கிருந்து வர்த்தூர் ஏரி, பிறகு தென்பெண்ணை. ஆற்றில் அடுத்து நிற்பது ஓசூர் கெலவரப்பள்ளி அணை.

அணைக்குக் கீழேதான் அத்தை கொத்தமல்லி போடுகிறார். போன மழைக்காலத்தில் போயிருந்தேன். மதகு திறந்திருந்தது, ஆறே தெரியாமல் வெள்ளையாக நுரை. காற்றில் பிய்ந்து வயலுக்குள் வந்து விழுந்ததை அள்ளிப் பார்த்தேன். சோப்பு வழவழப்பு, உடைந்ததும் உள்ளங்கையில் கறுப்பு.

"உங்க ஊருல துணி தொவச்ச தண்ணிடா இது. கால வெச்சா ராத்திரி பூரா அரிக்குது," என்றார். என்ன பதில் சொல்வது? அந்தக் கொத்தமல்லிக் கட்டு விடியற்காலை வண்டியில் நம் மார்க்கெட்டுக்கே வருகிறது.

பெல்லந்தூர் ஏரியில் 2015, 2017, 2018 என்று தீப்பிடித்தபோதெல்லாம் "இன்னும் எஸ்.டி.பி. (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) கட்டுங்கள்" என்றுதான் பேசினோம். கட்டட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எஸ்.டி.பி. தன்னிடம் வந்து சேரும் கழிவை மட்டும்தான் சுத்தம் செய்யும். அங்கே தொட்டியில் காற்றை ஊதுகிறார்கள், பாக்டீரியா சோப்புக் கழிவைத் தின்று தீர்க்கிறது. கால்வாய் வழியே ஏரிக்குப் போனால் அது பெரும்பாலும் அப்படியே தங்கி, உயரத்திலிருந்து விழும் இடத்தில் நுரைத்துப் பொங்குகிறது. 2018-லிருந்து கோலார் ஏரிகளுக்குச் சுத்திகரித்த நீரை அனுப்புகிறோம், நாளுக்கு 44 கோடி லிட்டர் திட்டம். இன்னொரு கட்டம் சுத்தம் செய்யாமல், இரண்டாம் நிலை சுத்திகரிப்போடு அதை நிறுத்தியது எனக்குச் சம்மதமில்லை. ஆனாலும், யுஜிடி (பாதாளச் சாக்கடை) லைனில் ஒழுங்காக வந்த கழிவுக்கு ஒரு வழி பிறந்தது. நம் தெருக் குழாய் அந்த வழியையே அடைக்கிறது.

மார்ச், ஏப்ரலில் மழையே இல்லாத நாளில் ராஜகாலுவே ஓரமாக நடந்து பாருங்கள். அப்போது அதில் ஓடுவது மழைநீர் இல்லை, நம் குளியலறையும் கக்கூசும்தான். எந்தக் குழாயிலிருந்து வருகிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். வார்டு வார்டாக அதை எண்ணி, ஒவ்வொன்றையும் திரும்ப யுஜிடி லைனில் சேர்க்க வேண்டும். புது பிளான்ட்டுக்குப் பூமி பூஜை போடுவதற்கு முன்னால் நடக்கவேண்டிய வேலை இது.

எங்கள் குழாயைப் படம் எடுத்துப் புகார் கொடுத்துவிட்டேன். அடைத்தால் மறுபடி பொங்குமே என்று அக்கம்பக்கத்தில் பயப்படுகிறார்கள். நியாயமான பயம். அதனால், ஆளை உள்ளே இறக்காமல் ஜெட்டிங் மெஷின் வைத்து முதலில் லைனைச் சுத்தம் செய்யுங்கள், பிறகு குழாயை அடையுங்கள் என்று எழுதியிருக்கிறேன். இதுவரை ஏழு வீட்டுக் கையெழுத்து சேர்ந்திருக்கிறது. எங்கள் தெருக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், மாலை ஆறு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன், வாருங்கள்.