கோழிக்கூட்டுக்கு வரும் பாம்பு

கோழிக்கூட்டைப் பாம்பிடமிருந்து காப்பது பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையில், கூட்டைச் சுற்றிப் பூண்டுக் கரைசல் தெளித்தால் பாம்பு அண்டாது என்று கூறியிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. எங்கள் கொல்லையில் அதையும் பினாயிலையும் மாறி மாறித் தெளித்தோம். மறுநாளே அந்த ஈரத்தின் மேலேயே ஒரு சாரை நிதானமாக ஊர்ந்து சென்றது. முட்டையும் குஞ்சும் பாம்புக்கு இரைதான் என்றாலும், அதனைக் கொல்லைக்கு வரவழைப்பவை பெரும்பாலும் சிந்திக் கிடக்கும் குருணையையும் கம்பையும் தேடி வரும் எலிகளே. எனவே தீவனத்தை மூடியுள்ள தகர டின்னில் வைத்து, கூட்டை ஒட்டிய விறகுக் குவியலையும் ஓட்டுக் குவியலையும் அகற்றுவதே முதல் வேலை.

கடையில் கோழிவலை என்று தரும் அறுகோணக் கண் வலை, கோழியை உள்ளே நிறுத்துமே தவிரப் பாம்பைத் தடுக்காது. கால் அங்குலக் கண்ணுள்ள கம்பிவலையை அடிப்பக்கம் அரை அடி ஆழத்துக்குப் புதைத்த பிறகுதான் எங்களுக்கு முட்டை இழப்பு நின்றது. சிலர் பழைய நைலான் மீன்வலையைச் சுற்றிக் கட்டுகிறார்கள். அதில் சிக்கிச் சாவது பெரும்பாலும் நஞ்சில்லாத, எலி தின்னும் சாரைதான்.

இருட்டில் விளக்கின்றி அடைக்கூடைக்குள் கை விடும் பழக்கத்தையும் கட்டுரை கண்டித்திருக்கலாம். நம்மிடம் உள்ள நஞ்சுமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் கடிக்கும் பொதுவானது என்பதால், கடித்த பாம்பைத் தேடி அடிப்பதில் நேரத்தைச் செலவிடாமல் உடனே 108-ஐ அழைப்பதே முறை.