கண்ணில் பந்து பட்டால் தையலோடு முடிவதில்லை

கிரிக்கெட் பந்து பட்ட காயங்களைப் பற்றிய உங்கள் கட்டுரை, பந்து பட்டவுடன் ஐஸ் வைப்பது, தையல் போடுவது வரை தெளிவாகச் சொல்கிறது. அதற்குப் பிறகு? கண்ணைப் பற்றி இரண்டே வரியில் முடித்துவிட்டீர்கள்.

சேலம் அம்மாபேட்டையில் எங்கள் தெருப் பையனுக்கு டேப் சுற்றிய டென்னிஸ் பந்து கண்ணில் பட்டது. கருவிழிக்குப் பின்னால், அடியில் சிவப்புக் கோடாக ரத்தம் தேங்கி நின்றது. சிவப்பு மறைந்ததுமே வீட்டார் சொட்டு மருந்தை நிறுத்தப் பார்த்தார்கள். கூடவே கூடாது! முதல் ஐந்து நாட்களில்தான் மீண்டும் ரத்தம் கசியும் அபாயம் அதிகம். தலையை உயர்த்திப் படுக்க வேண்டும். ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகளைத் தாமாக வாங்கி விழுங்கக் கூடாது. பார்வை தெளிந்த பிறகும் ஆண்டுக்கொரு முறை கண் அழுத்தம் பார்ப்பது அவசியம். கண்ணுக்குள் சுரக்கும் நீர் வடியும் கோணம் கிழிந்திருந்தால், பல ஆண்டுகள் கழித்துக்கூட, கண் அழுத்தம் கூடிப் பார்வை நரம்பைக் கெடுக்கும் கிளாக்கோமா வரலாம். பெரும்பாலும் வலியே தெரியாது என்பதுதான் கொடுமை.

தலைக்காயத்துக்கு 2019 முதல் சர்வதேச கிரிக்கெட்டில் மாற்று வீரரையே அனுமதிக்கிறார்கள். இந்திய அணிக்கு ஆடிய வேகப்பந்து வீச்சாளர் நடராஜனைப் பார்த்து வாழப்பாடி, சின்னப்பம்பட்டி என்று ஊர் ஊராகப் பிள்ளைகள் பந்து வீசும் நம் மாவட்டத்திலோ, தலைசுற்றல் தீராத பையனை அன்றே மீண்டும் களத்தில் இறக்குவதைப் பார்க்கிறேன். பயிற்சியாளர்களே, மருத்துவர் சம்மதிக்கும்வரை அவனை உட்கார வையுங்கள்.